அறிதுயில் கொள்ளும் சில்லுகள்

நுழையும்முன்

ஒரு கருவி இயங்குவதைக் காண்கிறோம்; அது உறங்குவதைக் காண்பதில்லை. நாம் நாள்தோறும் கையாளும் சிறு மின்னணுக் கருவிகள் பலவும் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை உறங்கியே கழிக்கின்றன. அவை எவ்வாறு உறங்குகின்றன? எதனால் விழிக்கின்றன? விழித்தபின் விட்ட இடத்திலிருந்து தொடர்கின்றனவா, எல்லாவற்றையும் மறந்து முதலிலிருந்து தொடங்குகின்றனவா? இவ்வினாக்களை ஆராய்கிறது இப்பாடம்.

வீட்டுத் தொலைக்காட்சியின் ரிமோட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதிலுள்ள சிவப்புப் பொத்தான் தொலைக்காட்சியை அணைக்கும், ரிமோட்டை அணைக்காது. ரிமோட்டையே அணைத்து வைப்பதற்கென்று ஒரு பொத்தான் அதில் எங்கும் இல்லை. இரவும் பகலும் இரு சிறு மின்கலங்கள் அதனுள் இணைந்தே கிடக்கின்றன. ஆயினும், அவற்றை மாற்றிப் பல மாதங்கள் ஆகியிருக்கும். சில வீடுகளில் ஓராண்டு கடந்திருக்கும். ஒரு நாளில் அந்த ரிமோட் உண்மையாக உழைக்கும் நேரம் சில நொடிகளே. எஞ்சிய நேரமெல்லாம் அதனுள் இருக்கும் சில்லு உறங்குகிறது. எனினும், விரல் படுவதை உணரும் அளவுக்கு மட்டும் அது விழித்திருக்கிறது.

இத்தகைய உறக்கத்துக்குத் தமிழில் ஓர் அழகிய சொல் உண்டு. பாற்கடலில் பள்ளிகொண்ட திருமாலின் உறக்கத்தை அறிதுயில் என்பர். கண் மூடியிருக்கும், அறிவு விழித்திருக்கும். சில்லுகளின் உறக்கத்தைக் குறிக்க இதனினும் பொருத்தமான சொல் கிடைப்பது அரிது.

துடிப்பு நின்றால் உறக்கம்

மைக்ரோகண்ட்ரோலர் எனப்படும் நுண்கட்டுப்படுத்தி, ஒரே சிலிக்கான் சில்லினுள் செயலி, நினைவகம், வெளியுலகோடு தொடர்புகொள்ளும் முனைகள் ஆகியவற்றை அடக்கிய முழுமையான சிறு கணிப்பொறியாகும். நார்வே நாட்டின் டிரான்ஹெய்ம் நகரில் பொறியியல் பயின்ற ஆல்ஃப் எகில் போகன், வேகார்ட் வொல்லன் என்னும் இரு மாணவர்கள் இத்தகைய சில்லு ஒன்றின் கட்டமைப்பை வகுத்தனர். அது அட்மெல் நிறுவனத்தின் வழியாக 1990-களின் பிற்பாதியில் ஏவிஆர் என்னும் பெயருடன் வெளிவந்தது. அக்குடும்பத்தைச் சேர்ந்த ஏடிமெகா328பி என்னும் சில்லே, ஆய்வகங்களில் பரவலாகக் காணப்படும் ஆர்டுயினோ ஊனோ பலகையின் மூளை. அதன் நிரல் நினைவகம் 32 கிலோபைட்டு. தற்காலிக நினைவகம் 2 கிலோபைட்டு மட்டுமே. யுனிகோடு முறையில் தட்டச்சு செய்தால் இப்பாடத்தின் ஒரு பக்கத்தைக்கூட அந்த 2 கிலோபைட்டுக்குள் அடக்க இயலாது. இவ்வளவு எளிய உறுப்பைக்கொண்டுதான் உறக்கத்தையும் விழிப்பையும் விளக்கப்போகிறோம். எளிய உறுப்பில்தான் உண்மை தெளிவாகத் தெரியும்.

இச்சில்லினுள் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு மாறும்போதே பெருமளவு மின்னாற்றலைச் செலவிடுகின்றன. மாறாது நிற்கும்போது மிகச் சிறிய கசிவு மட்டுமே நிகழ்கிறது. அவற்றை மாறத் தூண்டுவது கடிகாரத் துடிப்பு. ஆர்டுயினோ ஊனோவில் நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை அத்துடிப்பு எழுகிறது. செய்வதற்கு வேலை எதுவும் இல்லாவிடினும் செயலி ஓயாமல் ஆணைகளைப் படித்துக்கொண்டே இருக்கும். ஒன்றும் செய்யாமல் சுற்றுவதும் அதற்கு உழைப்பே. ஆகவே, சில்லை உறங்கவைப்பது என்பது மின்சாரத்தைத் துண்டிப்பதன்று, துடிப்பை நிறுத்துவது. தறியில் ஓடம் நின்றுவிட்டாலும் நெய்த அளவு துணி அப்படியே இருப்பதுபோல, துடிப்பு நின்றபின்னும் நினைவகத்தில் எழுதியவை அழிவதில்லை. மின்னழுத்தம் மட்டும் தொடர்ந்து கிடைத்தால் போதும்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஆளரவமற்ற மலைச்சரிவில் ஒரு மழைமானியை நிறுவுகிறோம் எனக் கொள்வோம். புனலின் வழியே இறங்கும் மழைநீர் ஊஞ்சற்பலகை போன்ற சிறு கிண்ணத்தில் விழும். குறிப்பிட்ட அளவு நிறைந்தவுடன் கிண்ணம் ஒருபுறம் சாயும். மறுபுறக் கிண்ணம் நீரை ஏற்கும். ஒவ்வொரு சாய்வும் 0.2 மில்லிமீட்டர் மழையைக் குறிப்பதாகக் கொண்டால், 500 சாய்வுகள் 100 மில்லிமீட்டர் மழையாகும். சாயும்போது கிண்ணத்திலுள்ள காந்தம் ஒரு சிறு சாவியை மூடித் திறக்கும். அந்தக் குறிப்பைச் சில்லு எண்ணவேண்டும். வெள்ள எச்சரிக்கை அந்த எண்ணிக்கையைப் பொறுத்தது. நள்ளிரவில் எண்ணிக்கை அழிந்துவிட்டால், மலையில் பெருமழை கொட்டியபோதும் கருவி 'மழை இல்லை' என்றே காலையில் அறிவிக்கும். எண்ண வேண்டியதோ எளிய எண்ணிக்கை. ஆனால் தவறக் கூடாத எண்ணிக்கை.

அக்கருவியின் சில்லுக்கு 220 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுடைய நாணய வடிவ மின்கலம் ஒன்றே உணவு எனக் கொள்வோம். 3 வோல்ட்டில், 4 மெகாஹெர்ட்சு வேகத்தில் ஏடிமெகா328பி ஓயாது இயங்கினால் ஏறத்தாழ 1.7 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். 220-ஐ 1.7-ஆல் வகுத்தால் 129 மணி நேரம். அதாவது, ஆறாம் நாள் முடிவதற்குள் கருவி இறந்துவிடும். மாறாக, 8 நொடிக்கு ஒருமுறை விழித்து, 10 மில்லிநொடி மட்டும் வேலைசெய்து, மீண்டும் ஆழ்ந்து உறங்கினால் என்னாகும்? உறக்கத்தில் செலவு ஏறத்தாழ 4.2 மைக்ரோஆம்பியர், விழித்திருக்கும் நேரத்தின் செலவைச் சராசரியாகப் பரப்பினால் இன்னும் 2.1 மைக்ரோஆம்பியர், ஆக 6.3. இந்தக் கணக்கில் அதே மின்கலம் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் உழைக்கும். உணரிகளின் செலவையும், மின்கலம் தானாக இழக்கும் ஆற்றலையும் இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் ஆண்டுகள் குறையும். ஆனால் ஒருபோதும் ஆறு நாளுக்கு இறங்காது. (ஊனோ பலகையை அப்படியே வைத்து இக்கணக்கைச் சோதிக்க முயல்வோர் ஏமாறுவர். சில்லு உறங்கினாலும் பலகையிலுள்ள விளக்கும் பிற உறுப்புகளும் உறங்குவதில்லை.)

கோழித்தூக்கமும் ஆழ்துயிலும்

எல்லா உறக்கமும் ஒன்றன்று. சிறு ஓசைக்கே விழித்துக்கொள்வதைக் கோழித்தூக்கம் என்கிறோம். எளிதில் கலையாததைக் கும்பகருணன் தூக்கம் என்கிறோம். ஏடிமெகா328பி சில்லில் ஆறு வகை உறக்கநிலைகள் உள்ளன. ஆறையும் விரித்துரைக்கத் தேவையில்லை. இரு எல்லைகளை அறிந்தால் இடைப்பட்டவை தாமே விளங்கும்.

முதல் எல்லையில் செயலிக்குச் செல்லும் துடிப்பு மட்டும் நிற்கிறது. நேரங்காட்டிகளும் தொடர்புப் பகுதிகளும் தொடர்ந்து இயங்குகின்றன. எந்தப் பகுதி அழைத்தாலும் செயலி உடனே எழும். மறு எல்லையில் சில்லின் முதன்மைத் துடிப்பே நின்றுவிடுகிறது. அந்நிலையில் அது எடுக்கும் மின்னோட்டம், துணை உறுப்புகள் அனைத்தையும் அணைத்துவிட்டால், 0.1 மைக்ரோஆம்பியர் அளவுக்கு இறங்கும். ஆனால், துடிப்பு இல்லாத இடத்தில் துடிப்பை நம்பி வாழும் நேரங்காட்டியும் இயங்காது. எனவே, இந்த ஆழ்துயிலிலிருந்து எழுப்பும் உரிமை சிலவற்றுக்கே உண்டு: வெளி முனையில் நிகழும் மாற்றம், தொடர்புக் கம்பியில் வரும் தன் முகவரி, தனக்கெனத் தனித் துடிப்பு வைத்திருக்கும் காவல் நேரங்காட்டி. நம் மழைமானியின் கிண்ணம் சாயும்போது எழும் குறிப்பு இவற்றுள் முதல் வகையைச் சார்ந்தது.

உறக்கநிலையைத் தேர்ந்தெடுக்கும் பொறியாளர், எவ்வளவு மின்சாரம் மிஞ்சும் என்று மட்டும் பார்த்தால் போதாது. உறங்கிய பின் யார் எழுப்புவார் என்பதே முதன்மையான வினா. எழுப்புவோரை நியமிக்காமல் ஆழ்துயிலில் ஆழ்த்தப்பட்ட சில்லு, மின்கலம் நிறைந்திருந்தும் பிணம்போல் கிடக்கும்.

தெரியுமா?
கைக்கடிகாரத்திலும், நேரத்தைக் காக்கும் சில்லுகளிலும் நொடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்சு படிகம் பயன்படுகிறது. இந்த எண் 2-இன் 15-ஆம் அடுக்காகும். ஆகவே, இந்த அதிர்வைப் பதினைந்து முறை பாதியாக்கினால் துல்லியமாக நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும்.

விழிப்பின் படிகள்

எழுப்பும் குறிப்பு வந்தவுடன் செயலி வேலையைத் தொடங்கிவிடுவதில்லை. நின்றுபோன அலையியற்றி முதலில் உயிர்பெற வேண்டும். குவார்ட்சு படிகம் ஊஞ்சலைப் போன்றது. தள்ளியவுடன் முழு வீச்சுக்கு வராது. வீச்சு நிலைபெறுமுன் அதன் துடிப்பை நம்பி ஆணைகளைப் படித்தால் பிழை நேரும். எனவே ஊனோவில் அமைத்துள்ளபடி, 16,384 துடிப்புகள் கடக்கும்வரை சில்லு பொறுத்திருக்கிறது. 16 மெகாஹெர்ட்சில் இது ஏறத்தாழ 1 மில்லிநொடி. படிகத்தை விடுத்து, சில்லினுள்ளேயே இருக்கும் அலையியற்றியைப் பயன்படுத்தினால் ஆறு துடிப்புகளில் காத்திருப்பு முடிந்துவிடும். ஆனால் துடிப்பின் துல்லியம் குறையும். விரைந்து எழும் சில்லு விரைந்து வேலையை முடித்து விரைந்து உறங்கும் என்பதால், விழிக்கும் நேரமும் மின்சிக்கனத்தின் ஒரு கூறே.

துடிப்பு நிலைபெற்றபின், எழுப்பிய குறிப்புக்கு உரிய சிறு நிரல் முதலில் இயங்கும். இதனைக் குறுக்கீட்டு நிரல் என்பர். அது முடிந்ததும் செயலி, உறங்குமாறு கூறிய ஆணைக்கு அடுத்த ஆணையிலிருந்து தொடர்கிறது. பதிவகங்களும் நினைவகமும் உறங்குமுன் எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கின்றன. இடையில் ஒரு நொடி கழிந்ததா, ஒரு மாதம் கழிந்ததா என்பது செயலிக்குத் தெரியாது. நிறுத்தப்பட்ட நேரங்காட்டியும் உறங்கிய நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நேரம் அறிய வேண்டிய கருவிக்கு உறங்காத கடிகாரம் ஒன்று தனியே தேவைப்படுவது இதனால்தான்.

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் எம்எஸ்பி430 சில்லு இதனை வேறுவகையில் நுட்பமாகச் செய்கிறது. அதில் உறக்கம் என்பது நிலைப் பதிவகத்தின் சில பிட்டுகளே. குறுக்கீடு வந்ததும் அப்பதிவகத்தின் படி ஒன்று அடுக்கு நினைவகத்தில் வைக்கப்பட்டு, உறக்கப் பிட்டுகள் அழிக்கப்படுகின்றன, சில்லு விழிக்கிறது. குறுக்கீட்டு நிரல் முடிந்ததும் பழைய படி மீட்கப்படுகிறது. அதனோடு உறக்கமும் மீள்கிறது. தொடர்ந்து விழித்திருக்க வேண்டுமாயின், அடுக்கில் கிடக்கும் அந்தப் படியைத் திருத்த வேண்டும். தூங்கி எழுந்தவர் ஒரு வாய் நீர் அருந்திவிட்டு மீண்டும் படுத்துக்கொள்வது போன்ற இவ்வமைப்பைப் பலரும் முதலில் புரியாத புதிராகக் கருதுவர். பழகியபின் இதனை விடமாட்டார்கள்.

கண்ணயரும் கணம்

உறக்கத்தில் இடர் இல்லை. விழிப்பிலும் இடர் குறைவு. உறங்கப்போகும் கணத்திலேதான் இடர் மறைந்திருக்கிறது. மழைமானியின் நிரல், 'புதிய சாய்வு ஏதேனும் பதிவாகியுள்ளதா?' என ஒரு குறியீட்டைப் பார்க்கிறது. இல்லை எனக் கண்டு, உறங்கும் ஆணையை நோக்கி நகர்கிறது. பார்த்த கணத்துக்கும் உறங்கும் கணத்துக்கும் இடையே, மைக்ரோநொடியிலும் குறைந்த அந்த இடைவெளியில் கிண்ணம் சாய்ந்தால் என்ன ஆகும்? குறுக்கீட்டு நிரல் இயங்கிக் குறியீட்டைப் பதிந்துவிட்டுத் திரும்பும். முதன்மை நிரலோ முன்பே பார்த்து முடித்துவிட்டது. மீண்டும் பாராமல் உறங்கிவிடும். அடுத்த சாய்வு வரும்வரை அந்தச் செய்தி கேட்பாரற்றுக் கிடக்கும். வாயிலை எட்டிப் பார்த்துவிட்டுக் காவலர் திரும்பும் நொடியில் வந்து நிற்கும் விருந்தினரின் நிலை இது.

இப்பிழை ஆயிரம் முறை சோதித்தாலும் தென்படாமல், ஓராண்டு கழித்து ஒரு நாள் தலைகாட்டும் தன்மையது. இதற்கான தீர்வை ஏவிஆர் கட்டமைப்பு தன் இலக்கணத்திலேயே வைத்திருக்கிறது. முதலில் குறுக்கீடுகளைத் தடைசெய்ய வேண்டும். பின்பு குறியீட்டைப் பார்க்க வேண்டும். ஒன்றும் இல்லையெனில் தடையை நீக்கி, அதற்கு அடுத்த ஆணையாகவே உறக்கத்தை எழுத வேண்டும். தடையை நீக்கும் ஆணைக்கு அடுத்த ஓர் ஆணை நிறைவேறிய பின்னரே காத்திருக்கும் குறுக்கீடு ஏற்கப்படும் என்பது இச்சில்லின் உறுதிமொழி. ஆகவே, இடையில் கிண்ணம் சாய்ந்திருந்தால் சில்லு கண்ணயர்ந்த மறுகணமே எழுப்பப்படும், செய்தி தவறாது.

மீளமைவு என்னும் மறுபிறப்பு

விழிப்பு என்பது தொடர்ச்சி. அதற்கு மாறாக, முற்றிலும் புதிய தொடக்கம் ஒன்றும் உண்டு. அதனை ரீசெட் அல்லது மீளமைவு என்கிறோம். மீளமைவின்போது செயலி தான் செய்துகொண்டிருந்ததைக் கைவிட்டு, நிரலின் முதல் ஆணைக்குச் செல்கிறது. முனைகள் யாவும் தொடக்க நிலைக்குத் திரும்புகின்றன. சில்லு உறங்கிக்கொண்டிருக்கும்போது மீளமைவு நேர்ந்தால், அது விழித்துத் தொடர்வதில்லை, புதிதாகப் பிறக்கிறது.

ஏடிமெகா328பி சில்லுக்கு இப்பிறப்பு நான்கு காரணங்களால் நேரும். மின்கலத்தை இணைத்தவுடன் நிகழ்வது ஒன்று. மீளமைவு முனையைக் குறைந்தது 2.5 மைக்ரோநொடி தாழ்நிலையில் வைப்பதால் நிகழ்வது மற்றொன்று. பலகையிலுள்ள பொத்தான் செய்வது இதனையே. இவ்விரண்டும் எளியன. எஞ்சிய இரண்டும் ஆழ்ந்து நோக்கத்தக்கவை.

மின்னழுத்தம் முழுவதும் அற்றுப்போவதைக் காட்டிலும் அரைகுறையாகக் குறைவது கொடியது. மங்கிய விளக்கொளியில் எழுத்துகளைத் தவறாகப் படிப்பதுபோல, தாழ்ந்த மின்னழுத்தத்தில் செயலி ஆணைகளைப் பிழையாகப் படித்து நிறைவேற்றக்கூடும். அழியா நினைவகத்தில் தவறான எண்ணை எழுதிவிடவும் கூடும். நம் மழைமானி வானொலி அலைவழியே செய்தி அனுப்பும்போது திடீரென மிகுதியான மின்னோட்டத்தை இழுக்கும். மின்கலம் பழையதாயின் அந்த நொடியில் அதன் அழுத்தம் சரியும். இதனைக் கண்காணிக்கச் சில்லினுள் ஓர் உறுப்பு உண்டு. 1.8, 2.7, 4.3 வோல்ட்டு என்னும் மூன்று எல்லைகளுள் ஒன்றை நாம் குறித்துவைத்தால், அழுத்தம் அதற்குக் கீழ் இறங்கியதும் அது செயலியை மீளமைவில் நிறுத்திவைக்கும். அழுத்தம் மீண்ட பின்னரே விடுவிக்கும். தவறாகச் செய்வதைவிடச் செய்யாதிருப்பது நன்று என்பது இதன் கொள்கை. ஆனால் இக்காவலுக்கும் கூலி உண்டு. உறக்கத்திலும் அதனை இயங்கவிட்டால் அதன் செலவு உறங்கும் சில்லின் செலவைக் காட்டிலும் பன்மடங்காகும். ஆதலால் உறங்கும்போது மட்டும் அதனை அணைத்துவைக்கும் வசதி இச்சில்லில் உள்ளது.

நான்காவது காரணம் வாட்ச்டாக் எனப்படும் காவல் நேரங்காட்டி. அது தனக்கென உள்ள மெதுவான துடிப்பில் எண்ணிக்கொண்டே இருக்கும். நலமாக இயங்கும் நிரல் அவ்வப்போது அந்த எண்ணிக்கையைச் சுழியாக்க வேண்டும். நிரல் எங்கேனும் சிக்கிச் சுழன்றால் சுழியாக்க எவரும் வாரார். எண்ணிக்கை நிறைந்ததும் காவல் நேரங்காட்டி சில்லை மீளமைக்கும். குறித்துவைக்கத்தக்க கால அளவு 16 மில்லிநொடி முதல் 8 நொடி வரை. மீளமைப்பதற்குப் பதிலாகக் குறுக்கீட்டை மட்டும் எழுப்புமாறும் அதனைப் பணிக்கலாம். முன்னர்க் கண்ட கணக்கில் 8 நொடிக்கு ஒருமுறை சில்லை எழுப்பியது இதுவே. ஒரே உறுப்பு, விடியலில் கூவும் சேவலாகவும் வாயில் காக்கும் நாயாகவும் இருக்கிறது. இரு பணிகளையும் ஒருசேர ஒப்படைத்தால், முதல் தவணையில் கூவும்; அதன்பின் நாம் மீண்டும் சேவலாக்காவிட்டால் அடுத்த தவணையில் கடிக்கும்.

மறுபிறப்பு எய்திய சில்லுக்கு முற்பிறப்பின் நினைவு அடியோடு அற்றுப்போவதில்லை. மீளமைவுக்குக் காரணம் எது என்பதைக் காட்டும் நான்கு பிட்டுகள் ஒரு பதிவகத்தில் காத்திருக்கின்றன. தொடக்க நிரல் அவற்றைப் படிக்கலாம். படித்தபின் அழித்துவிட வேண்டும். அழிக்காவிட்டால் அடுத்த முறை பழைய காரணமும் புதிய காரணமும் கலந்து தோன்றும். மற்றோர் உண்மையும் உண்டு. மின்சாரம் அற்றுப்போகாத மீளமைவில் தற்காலிக நினைவகத்தின் உள்ளடக்கத்தைச் சுற்று அழிப்பதில்லை. அதனைச் சுழியாக்குவது, நிரலோடு சேர்த்துப் பதியப்படும் தொடக்கப் பகுதியே. 'இந்த இடத்தைத் தொடாதே' என அதற்குக் கூறிவிட்டால், மழையின் எண்ணிக்கை காவல் நேரங்காட்டியின் மீளமைவைத் தாண்டியும் பிழைக்கும். எண்ணிக்கையோடு ஒரு சரிபார்ப்பு எண்ணையும் சேர்த்து வைத்தால், மீண்டது மெய்யான எண்ணா, குப்பையா என்பதையும் அறியலாம்.

பிறந்தே விழிப்பவை

உறக்கத்தை மேன்மேலும் ஆழமாக்கினால் விழிப்புக்கும் மீளமைவுக்கும் இடையிலுள்ள கோடு அழிந்துவிடுகிறது. எம்எஸ்பி430 குடும்பத்தின் பிற்காலச் சில்லுகளில் உள்ள மிக ஆழ்ந்த உறக்கநிலையில், செயலிக்கும் தற்காலிக நினைவகத்துக்கும் மின்சாரம் வழங்கும் உறுப்பே அணைக்கப்படுகிறது. தற்காலிக நினைவகத்தில் இருந்தவை மறைகின்றன. வெளிமுனையில் குறிப்பு வந்ததும் சில்லு மீளமைவின் வழியாகவே எழுகிறது. அப்போது முனைகள் மட்டும் உறங்குமுன் இருந்த நிலையிலேயே பூட்டப்பட்டிருக்கும். நிரல் தன்னை ஒழுங்குபடுத்திக்கொண்டு பூட்டைத் திறக்கும்வரை அந்நிலை மாறாது. உறக்கத்தில் ஒரு மதகைத் திறந்து வைத்திருந்த கருவி, எழும் பரபரப்பில் அதனை மூடிவிடக் கூடாது அன்றோ?

சீனாவின் எஸ்பிரெசிஃப் நிறுவனம் வெளியிட்ட இஎஸ்பி8266 என்னும் வைஃபை சில்லு இதனை இன்னும் வெளிப்படையாகச் செய்கிறது. அது ஆழ்துயிலில் இருக்கும்போது சிறு கடிகாரம் ஒன்று மட்டும் ஓடும். நேரம் வந்ததும் அக்கடிகாரம் 16-ஆம் முனையைத் தாழ்நிலைக்கு இழுக்கும். அம்முனையை மீளமைவு முனையோடு ஒரு கம்பியால் நாமே இணைத்திருக்க வேண்டும். தன் மீளமைவுப் பொத்தானைத் தானே அழுத்திக்கொண்டு எழும் சில்லு அது! கம்பியை இணைக்க மறந்தால் அது எழவே எழாது. இவ்வாறு எழும் சில்லின் நிரலுக்கு ஒவ்வொரு விழிப்பும் முதல் பிறப்பாகவே தோன்றும். 'புதிதாக மின்சாரம் வந்ததா, உறங்கி எழுந்தேனா, பிழையால் வீழ்ந்தேனா?' என வினவி, அதற்கேற்ற வழியில் செல்லும் நிரலே இங்குத் தகுதியுடையது.

உறங்க முடியாத ஊர்தி

அவ்வாறு வினவாத நிரலுக்கு என்ன நேரும்? காவல் நேரங்காட்டியால் மீளமைக்கப்பட்ட ஏடிமெகா328பி சில்லில், மீளமைவுக்குப் பின்னும் அக்காவல் அணைவதில்லை. மிகக் குறுகிய 16 மில்லிநொடித் தவணையுடன் தொடர்ந்து எண்ணுகிறது. தொடக்க நிரல் காரணப் பிட்டை அழித்துக் காவலை அடக்காமல் வேறு வேலைகளில் ஈடுபட்டால், 16 மில்லிநொடியில் மீண்டும் மீளமைவு, மீண்டும் பிறப்பு, மீண்டும் மீளமைவு. காப்பதற்காக வைத்த உறுப்பே கருவியைச் சுழலில் தள்ளிவிடும். அச்சுழலில் சில்லு உறங்குவதே இல்லை. நான்கு ஆண்டுகளுக்கான மின்கலம் சில நாள்களில் வற்றிவிடும்.

மலைச்சரிவில் உள்ள கருவியாயின் ஒருவர் ஏறிச் சென்று மின்கலத்தை மாற்றலாம். ஒருவரும் செல்ல இயலாத இடத்தில் இதுவே நேர்ந்தது. நாசாவின் ஸ்பிரிட் ஊர்தி 2004 சனவரி 4 அன்று செவ்வாய்க் கோளில் இறங்கியது. அதனுள் இருந்தது நுண்கட்டுப்படுத்தியன்று, அதனினும் பெரிய கணிப்பொறி. ஆயினும் உறக்கமும் மீளமைவும் அதற்கும் பொதுவே. பகலில் உழைத்து, இரவில் உறங்கி, கதிரவன் ஒளியால் மின்கலத்தை நிரப்பிக்கொள்வது அதன் வழக்கம். சனவரி 21 அன்று அதனுடனான ஒழுங்கான தொடர்பு அறுந்தது. பின்னர்க் கிடைத்த துணுக்குச் செய்திகளிலிருந்து, அது 60 முறைக்கு மேல் மீண்டும் மீண்டும் மீளமைந்திருந்ததும், இரவில் உறங்காமல் விழித்திருந்ததும் தெரியவந்தன. மின்கலம் வற்றிக்கொண்டிருந்தது.

காரணம் மிக எளியது. அழியா நினைவகத்தில் கோப்புகள் அளவுக்கு மீறிச் சேர்ந்துவிட்டன. அவற்றின் பட்டியலைத் தாங்கத் தற்காலிக நினைவகத்தில் இடம் போதவில்லை. தொடங்கும்போது கணிப்பொறி அக்கோப்புகளைத் திறக்க முயலும், இடமின்றி வீழும், மீளமையும், மீண்டும் அவற்றையே திறக்க முயலும். ஒவ்வொரு பிறப்பிலும் அதே கல்லில் அதே கால் இடறியது. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலிருந்து பொறியாளர்கள் ஓர் ஆணையை அனுப்பினர்: அழியா நினைவகத்தைத் தொடாமலே தொடங்குக. ஊர்தி நிலைபெற்றது, அன்றிரவு உறங்கியது. பின்னர் அந்நினைவகம் துடைத்து ஒழுங்குசெய்யப்பட்டது. 90 செவ்வாய் நாள்கள் உழைத்தால் போதும் எனத் திட்டமிடப்பட்ட அவ்வூர்தி ஆறு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது.

பின்னர் அதன் சக்கரங்கள் மணலில் புதைந்தன. குளிர்காலத்தில் கதிரவனை நோக்கித் தன் தகடுகளைச் சாய்த்துக்கொள்ள அதனால் இயலவில்லை. அதன் இறுதிச் செய்தி 2010 மார்ச் 22 அன்று வந்தது. மின்னாற்றல் குறைந்ததால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கடிகாரத்தை மட்டும் இயக்கும் ஆழ்துயிலுக்குள் அது சென்றிருக்கும் எனப் பொறியாளர்கள் கருதினர். மின்கலம் போதிய அளவு நிறைந்தால் அது தானே விழித்துப் புவியை அழைக்கும்படி நிரல் எழுதப்பட்டிருந்தது. குளிர்காலம் கழிந்தது, கோடையும் வந்தது. 2011 மே மாதம் வரை அவர்கள் அதனை அழைத்துக்கொண்டும் செவிமடுத்துக்கொண்டும் இருந்தனர். ஸ்பிரிட் விழிக்கவில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டில் மின்கலத்தால் இயங்கும் கருவிகளைப் பட்டியலிடுக. அவற்றுள் எவற்றுக்கு அணைக்கும் பொத்தான் இல்லை? ஒவ்வொன்றையும் உறக்கத்திலிருந்து எழுப்புவது எது?

2. பாடத்தில் கண்ட மழைமானி, 8 நொடிக்கு ஒருமுறை 10 மில்லிநொடிக்கு மாறாக 80 மில்லிநொடி விழித்திருந்தால், அதே மின்கலம் எத்தனை நாள் உழைக்கும் எனக் கணக்கிடுக.

3. அறிதுயில், கோழித்தூக்கம், கும்பகருணன் தூக்கம் போல உறக்கத்தைக் குறிக்கும் பிற சொற்களை உங்கள் வட்டார வழக்கிலிருந்து திரட்டுக. அவற்றுள் எவை கருவிகளின் உறக்கநிலைகளுக்குக் கலைச்சொல்லாகப் பொருந்தும் என வகுப்பில் கலந்துரையாடுக.